குழாய் ரிப்பேர்

"எங்களுக்கு அதிகாரம் இல்லைம்மா."

நகரசபைத் தலைவர் இதைச் சொன்னதும் ஜெராக்ஸ் கடைக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் மகள், வலது கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் ரோட்டைக் கடக்கும்போது லாரி ஒன்று உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது.

"ஒரு வேகத்தடைதானே சார் கேட்டேன். மேம்பாலமா கேட்டேன்?"

"அந்த ரோடு மாநில அரசோடதும்மா. சட்டத்துல நகரசபைக்குன்னு குடுத்திருக்கறது குடிதண்ணி, சாக்கடை, தெருவிளக்கு, குப்பை. மத்தபடி அந்த ரோட்டுல நாங்க ஒரு செங்கல் வெச்சாலும் மேல இருக்கறவங்க எடுக்கச் சொல்லிடுவாங்க. போன வருஷமே தீர்மானம் போட்டு அனுப்பினோம். கிணத்துல போட்ட கல்லு."

"அப்ப அடுத்த பிள்ளை அடிபடற வரைக்கும் காத்திருக்கணுமா?"

மகளின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்த தலைவர், "ரொம்ப வலிக்குதா பாப்பா?" என்று கேட்டார்.

"அதைக் கேக்க மட்டும் அதிகாரம் இருக்கு போல" என்று முணுமுணுத்தபடி மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள் அவள்.

ஊரில் அவருக்கு 'அதிகாரமில்லை' என்றே பட்டப்பெயர். வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, காலையில் கடை திறக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளிக்கூட வாசலுக்கு நேராக, ரோட்டின் குறுக்கே நீளமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேலை செய்தது நகரசபை ஆட்கள். ஓரமாகத் தலைவரே நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"குழாய் ரிப்பேர்மா. அடியில ஒழுகுது."

"இந்த ரோட்டைத் தொட அதிகாரம் இல்லைன்னீங்க?"

"வேகத்தடை போடத்தான் இல்லை. குடிதண்ணிக் குழாய்னா தோண்டலாம், மூடலாம். அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு."

"நல்ல சட்டம் சார். பிள்ளைங்களைக் காப்பாத்த இடமில்லை, பள்ளம் தோண்ட இடமிருக்கு."

அவர் தலை குனிந்துகொண்டார்.

சாயங்காலம் மூடினார்கள். மூடிய லட்சணத்தைத்தான் பார்க்க முடியவில்லை. ஜல்லியும் தாரும் அள்ளிக் கொட்டி, ஒட்டகத்தின் முதுகு மாதிரி உயர்த்தி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பலகை வேறு. 'குழாய் வேலை நடைபெறுகிறது. மெதுவாகச் செல்லவும்.'

வீட்டுக்குப் போகும்போது அவளுடைய ஸ்கூட்டர் அதில் ஏறி இறங்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டே மாநில நெடுஞ்சாலைத் துறைக்குப் போன் போட்டுப் புகார் சொன்னாள்.

"குழாய் ரிப்பேர்னு சொல்லி உங்க ரோட்டை நாசம் பண்ணி வெச்சிருக்காங்க. ஏறி இறங்கினதுல என் இடுப்பே பிடிச்சுக்கிச்சு. வந்து சமப்படுத்திக் குடுங்க."

மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்தது. வழக்கம்போல அவள் வேலையை விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்தாள். வளைவில் ஒரு மணல் லாரி சீறிக்கொண்டு திரும்பியது. அவளுக்கு மூச்சு நின்றது.

மேட்டைப் பார்த்ததும் லாரி முனகியது. பிரேக் போட்டு, கியரை மாற்றி, நிறைமாதக்காரி படியேறுவதுபோல மெல்ல ஏறி இறங்கியது. பின்னால் வந்த பஸ்ஸும் அப்படித்தான். நடுவில் கிடைத்த இடைவெளியில் பிள்ளைகள் கூட்டமாகக் கடந்தார்கள். மகள் கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டே, யாரோ தோழியோடு சிரித்துப் பேசியபடி நடந்து வந்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில், மணி அடிக்கும்போது அவள் வாசலுக்கு ஓடுவதுகூட நின்றுபோனது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டாள்.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், என்று நினைத்துக்கொண்டாள். உருப்படியாக ஒரு பள்ளத்தை மூடத் தெரியாத மனுஷனால் ஊருக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் நெடுஞ்சாலைத் துறை ஜீப் வந்து நின்றது. இஞ்சினியர் இறங்கினார். பின்னால் ஒரு ரோலர்.

அவள் கடையை விட்டு ஓடி வந்தாள். தன் வாயால்தானே வரவழைத்தோம்?

"புகார் குடுத்தது நீங்கதானேம்மா?"

"நான்தான் சார். ஆனா இப்ப வேண்டாம் சார். அவசரத்துல சொல்லிட்டேன்."

"ஏன், இடுப்பு சரியாப் போச்சா?"

"என் இடுப்பு கிடக்குது சார். இது வந்ததுக்கப்புறம்தான் பிள்ளைங்க உயிரோட வீடு வந்து சேருதுன்னு நம்பிக்கையா இருக்கு. அவர் தெரியாமத்தான் இப்படி மூடி வெச்சிருக்காரு. இருந்துட்டுப் போகட்டும் சார்."

இஞ்சினியர் மேட்டை ஒரு தடவை சுற்றி வந்தார். பலகையைப் படித்தார். அதற்குள் மணி அடிக்க, ஓரமாக ஒதுங்கி, கடைசிப் பிள்ளை கடந்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ரோலர்காரர் கேட்டார்: "சார், தட்டிடலாமா?"

"நகரசபையோட குழாய் வேலை இன்னும் முடியலைப்பா. அவங்க அதிகாரத்துல செய்யற வேலை. பாதியில நாம கை வைக்க முடியாது. வண்டியைத் திருப்பு. அப்படியே ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு விட்டுடு."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஜீப்பில் ஏறப் போனவரின் பின்னாலேயே போனாள்.

"சார், அந்தக் குழாய் வேலை எப்ப முடியும்? பரீட்சை வரைக்குமாவது இழுக்குமா?"

இஞ்சினியர் சிரித்தார்.

"அது முடியவே முடியாதும்மா. இந்த ரோட்டுக்கு அடியில குழாயே கிடையாது."