மெத்தென்ற துணி

பழைய சிவப்புப் பந்தயக் கார் ஒன்றைத் துடைப்பதற்கென்றே மெத்தென்ற துணி ஒன்று இருந்தது. ஒருநாள் தோல் இருக்கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த முதலாளியின் தோளிலிருந்து அது நழுவித் தரையில் விழுந்தது.

காருக்கு அடியில் படுத்திருந்த பூனை, "உன் மேலே மணல் ஒட்டியிருக்கு தம்பி, உதறிக்கோ" என்றது.

விழுந்ததை ஒப்புக்கொள்ளத் துணிக்கு வெட்கம். "ஒண்ணும் ஒட்டலை, நீ உன் வேலையைப் பாரு" என்றது.

முதலாளி அதை எடுத்துக் காரின் முகப்பை அழுத்தித் துடைத்தார். சிவப்பு வண்ணத்தில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

"சனியன் பிடிச்ச பூனை! நகத்தால கீறிடுச்சே!" என்று தடியை எடுத்தார். அடி வாங்கிய பூனை, மதில் ஏறும்முன் துணியைத் திரும்பிப் பார்த்தது. துணி வாய் திறக்கவில்லை.

அதுவரை கண்ணயர்ந்திருந்த கார், முதலாளி சொன்னதை நம்பிப் பெருமூச்சு விட்டது. "அந்தப் பூனையை நம்பி இடம் கொடுத்தேன். இனி உன்னைத் தவிர யாரையும் என்மேல் கைவைக்க விடமாட்டேன், தம்பி."

முதலாளி துணியை மடித்துத் தோல் இருக்கையின் மேல் பத்திரமாக வைத்தார். கரி துடைக்கும் கந்தலாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று துணி அங்கேயே குமைந்து கிடந்தது.