இரண்டு வயது யுவஸ்ரீ

"வயசைக் குறைச்சு எழுதிக்கினு வர்றவங்களத்தான் நான் பார்த்திருக்கேன். நீங்க எதுக்குண்ணா கூட்டிப் போட்டீங்க?"

சுப்பிரமணியைப் பார்த்து ஷோபனா கேட்டாள். கரும்பு வெட்டப் போக வேண்டிய நேரத்தில் மனிதர் வீட்டில் உட்கார்ந்து துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஷோபனா கால்பந்துப் பயிற்சியாளர். பொதட்டூர்பேட்டையில் நடந்த பள்ளிப் போட்டி ஒன்றில் இவர் மகள் யுவஸ்ரீ ஆடியதைப் பார்த்து அசந்துபோய், பதினேழு வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணியின் தேர்வு முகாம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவள். அந்த அணி வெளிநாடு போவதும், முதல் சுற்றிலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்புவதுமாகப் பல வருஷம் ஓடியிருக்கிறது. வாங்கிய கோல்களைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். போட்டதைச் சொல்ல ஒரு கை விரல் போதும். இந்தத் தடவையாவது கோல் போட ஒருத்தி கிடைத்தாளே என்று ஷோபனா நிம்மதியாக மூச்சு விட்டாள். அது பொறுக்காமல் பிறப்புச் சான்றிதழ் வந்து குறுக்கே நின்றது.

சான்றிதழ்படி யுவஸ்ரீ வயது வரம்பை நாலு மாதம் தாண்டுகிறாள். மணிக்கட்டை ஸ்கேன் எடுத்தால், பதினாறுகூட நிறையாத பிள்ளை என்கிறது. எது நிஜம் என்று நாளை சாயங்காலத்துக்குள் ஆதாரத்தோடு சொல்லாவிட்டால் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று முகாமில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் விடிந்தும் விடியாமல் திருத்தணிக்கு ரயிலேறி வந்திருந்தாள்.

"ஸ்கூல்ல சீக்கிரம் சேர்க்கறதுக்காக ரெண்டு வருஷம் கூட்டிச் சொன்னீங்களா?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். நம் பக்கத்தில் நடக்காததா என்ன? ஷோபனாவின் ஜூன் மாதப் பிறந்தநாளே வாத்தியார் பார்த்துப் போட்டதுதான்.

"ஆங், அதான் மேடம்," என்று சுப்பிரமணி பாய்ந்து பிடித்துக்கொண்டார். "அப்படியே எழுதிக்கோங்க."

எழுதப் போனவள் காகிதத்தை மறுபடி பார்த்தாள். இது பள்ளிக்கூடத்தில் வாய்க்கு வந்தபடி சொன்ன தேதி இல்லையே. ஆஸ்பத்திரியில் பிறந்த நாலாம் நாள் பதிந்து, பிறகு பேரையும் சேர்த்த தேதி. ஸ்கேன் சொல்வது சரியென்றால், குழந்தை பிறக்க இன்னும் இரண்டு வருஷம் கிடக்கும்போதே பதிந்து முத்திரை குத்தியிருக்கிறார்கள். அதெப்படி முடியும்?

எந்த மாதம் பிறந்தாள் என்று கேட்டுப் பார்த்தாள். ஆடிக் கிருத்திகை அன்று, மலைக்கு வந்த கூட்டத்தில் ஒரு ஆட்டோகூடக் கிடைக்காமல் இதே வீட்டில்தான் பிறந்தாள் என்று சுப்பிரமணி ஆரம்பித்தார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அவர் மனைவி ரஞ்சிதம், "சும்மா இருய்யா," என்று ஒரு அதட்டல் போட்டாள். சான்றிதழிலோ செப்டம்பர், ஆஸ்பத்திரி.

ரஞ்சிதத்தைத்தான் அவளால் கொஞ்சமும் புரிந்துகொள்ள முடியவில்லை. மகள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, படிக்குப் படி கற்பூரம் கொளுத்தியவள் இவள். மகள் முகாமுக்குக் கிளம்பிய அன்று தெரு முழுக்கக் கேசரி கொடுத்தவள். அவளேதான் இப்போது, "ஆடலன்னா போவட்டும் மேடம், வீட்டுக்கு அனுப்பிடுங்க," என்கிறாள். பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது?

அந்த நேரம் பார்த்து யுவஸ்ரீ முகாமிலிருந்து போன் செய்தாள். சுப்பிரமணிக்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் எதையோ அமுக்க, பெண் அழுவது வீடு முழுக்கக் கேட்டது.

"நைனா, மேடம் என்னா கேக்கறாங்களோ அதைக் குடுத்துடு நைனா. எல்லாரும் என்னைத் திருட்டு வயசுன்றாங்க. நான் என்னா பண்ணேன்?"

போனை வைத்ததும் ஷோபனாவுக்கு வந்ததே கோபம். இது மட்டும் போலிச் சான்றிதழ் என்று ஆனால் பிள்ளை இனி எந்த அணியிலும் பந்தைத் தொட முடியாது, கேஸ்கூட ஆகும், பெற்றவர்களே அவள் காலை ஒடிக்கிறீர்கள் என்று பொரிந்து தள்ளிவிட்டாள்.

ரஞ்சிதம் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"அது பொய்ச் சீட்டு இல்ல மேடம். ஆஸ்பத்திரில நான் பெத்த கொழந்தைக்குக் குடுத்தது."

"அப்ப ஸ்கேன் பொய்யா?"

"அதுவும் பொய் இல்ல."

சுப்பிரமணி எழுந்து வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரஞ்சிதம் சான்றிதழைக் கையில் வாங்கி, ஈரம் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"இது மூத்தவளோடது மேடம். பதினோரு மாசத்துல ஜுரம் கண்டு பூட்டா. அதை ஆபீசுல எழுதி வைக்க மனசு வரல. அந்தப் பேரையே இவளுக்கு வெச்சு, அந்தச் சீட்டுலயே ஸ்கூல்லயும் சேர்த்துட்டோம். இத்தினி வருஷமா கவர்மெண்ட்டுல அவ உசுரோடதான் இருக்கறா. இப்ப இவ ஆடணும்னா, அவ செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கணும்... எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."