வலது இறக்கை

பெட்ரோல் வாடை அடித்தது.

அவர் இன்னும் அந்தச் சிறிய விமானத்தின் இருக்கையில்தான் இருந்தார். மடியில் கண்ணாடிச் சில்லுகள். பக்கத்து இருக்கை காலி.

நிலக்கடலைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர் மனைவி கோகிலாவை வெளியே தூக்கிச் சென்று கிடத்தியிருந்தார்கள். ஒருத்தி தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் முகத்தின் மேல் போட்டாள்.

அதைப் பார்த்த பிறகும் அவர் இடுப்புவாரைக் கழற்றவில்லை.

எஞ்சின் நின்றபோது அவர் பதறவில்லை. கற்றுத் தந்தபடியே விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார். வேகத்தைக் காத்தார். ஆளில்லாத பக்கமாகத் திருப்பினார். சக்கரங்கள் செம்மண்ணில் மெத்தென்று பதிந்தன.

ஓடி நிற்கும் வேளையில் வரப்போரத்துப் பனையில் வலது இறக்கை மோதியது.

அவள் அமர்ந்திருந்த பக்கம்.

ஐம்பது வயதில் கணவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதை அவள் ஒப்பவே இல்லை. இன்றுதான் முதன்முதலாக ஏறினாள். கண்களை இறுக மூடிக்கொண்டு வந்தவள், பிறந்த வீட்டின் மொட்டைமாடியைக் கண்டதும் அவர் தோளில் அடித்தாள்.

"உங்க மாமியாரு கையாட்டறாங்க பாருங்க. இந்த ஒரு தடவையாச்சும் மரியாதை குடுங்க!"

அவர் இறக்கைகளை ஆட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள். இன்னொரு சுற்று கேட்டாள். பிறகு இன்னொன்று.

அந்தச் சிரிப்பில் அவர் எல்லாவற்றையும் மறந்திருந்தார்.

வாடை விடவில்லை.

முறிந்த வலது இறக்கையிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டிருந்தது. சொட்டாக அல்ல, தாரையாக.

அவர் அதையே பார்த்தார்.

எரிபொருள் கிடைக்காமல்தான் எஞ்சின் இருமி இருமி அடங்கியது.

இரு இறக்கைகளிலும் இரு தொட்டிகள். ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். எதிலிருந்து என்பதை முழங்காலருகே உள்ள சிறிய திருகுபிடி தீர்மானிக்கும். பறக்கும்போது ஒரு தொட்டி வற்றுமுன் அதை மற்றதற்கு மாற்றிவிட வேண்டும்.

குனிந்தார்.

பிடி இடப்பக்கமே நின்றது. புறப்படும்போது அவர் வைத்தபடியே.

ஒரே ஒரு திருப்பு. வானத்தில் அதற்கு நேரம் இருந்தது.

அவசரமாகத் தரையிறங்கினால் பிடியை மூடிவிட வேண்டும் என்பது விதி. விரல்கள் தாமாகவே அதை மூடின.

இனி, அது எந்தப் பக்கம் நின்றதென்று எவராலும் சொல்ல முடியாது.

துண்டைக் கொடுத்தவள் வெறுந்தலையோடு வந்து கதவோரம் நின்றாள். அழுதிருந்தாள்.

"எறங்கி வாங்க சாமி. இத்தன பேரு காட்டுக்குள்ள நின்னோம். ஒருத்தரு மேலயும் படாம கொண்டாந்து எறக்குனீங்க. பாழாப்போன எஞ்சினு இப்பிடிப் பண்ணிப்போட்டா, நீங்க என்னங்க பண்ணுவீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், மண்ணில் கிடந்தவளைப் பார்த்தார்.

நம்பிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள்.

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா" என்றார்.