கோபுரத்துச் சேவல்

"ரீகா நகரம். பழைய தேவாலயம். கோபுர உச்சியில என்ன இரிக்கு?" என்று கேட்டான் சுலக்ஷன்.

"சிலுவை," என்றாள் தனுஷியா.

"சேவல்!" அவன் கட்டில் சட்டத்தில் ஓங்கித் தட்டினான். "தங்கச் சேவல். வெயில் படக்க ஊரெல்லாம் தெரியிற மாதிரி மினுங்கும். எத்தின தரம் சொல்லித் தாறது மச்சாள்?"

தனுஷியா கொப்பியில் 'சேவல்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

நாளை காலை பத்து மணிக்கு அவளுக்கு நேர்முகம். பிள்ளைகளை லத்வியா நாட்டு ரீகாவுக்குப் படிக்க அனுப்பும் அழகரத்தினத்தின் கந்தோர் இந்த முறை ஒருவரைத்தான் எடுக்கப் போகிறது. விண்ணப்பித்திருந்தவர்கள் பதினொரு பேர். ஐந்து மாதமாக வீட்டில் சும்மா இருப்பவளுக்கு இதுவும் தவறினால் வேறு வழி இல்லை.

"அழகரத்தினம் சேர் சேட்டிபிக்கட்டப் பெருசாப் பாக்க மாட்டார்," என்றான் சுலக்ஷன். "அந்த ஊரப் பத்தி எப்பிடிக் கதைக்கிறாய் எண்டுதான் பாப்பார். நீ வாயத் திறந்தா அவர்ட மேசைக்கு முன்னால ரீகா வந்து நிக்கணும்."

அவன் வாயைத் திறந்தால் வந்து நிற்கத்தான் செய்தது. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கல் பாவிய தெருவில் நடப்பான். மூலைக் கடையில் சூடான கறுப்புப் பாண் வாங்குவான். ஆற்றங்கரை மர வாங்கில் அமர்ந்து, இல்லாத கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொள்வான். மட்டக்களப்புக் கல்லடியில் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது; அறையின் மின்விசிறி வேறு பழுது.

"சரி, மாணவரின் ஒரு நாள் வாழ்க்கை. விடிய எழும்பி?"

"பஸ் பிடிக்கிறது."

"பஸ்ஸா? பஸ் மட்டக்களப்பிலயும்தான் ஓடுது. ட்ராம்! யன்னலோரம் இருந்து, புகார் படிஞ்ச கண்ணாடிய விரலால துடைச்சுத் தெருவப் பாக்கிறாய்."

"விடிய நேரத்தில இருக்க இடம் கிடைக்குமா மச்சான்?"

"கிடைக்கும். எழுது."

எழுதினாள். "மறுகா?"

"மறுகா கம்பஸ். பின்னேரம் ஆத்தங்கரையில ஒரு நடை. சனிக்கிழமை மியூசியம். ஞாயிற்றுக்கிழமை குதிரை வண்டியில ஊர்கோலம்."

"இந்தக் காலத்திலயும் குதிரை வண்டியா?"

"கம்பளி போத்தின கறுப்புக் குதிரை. மூக்கால ஆவி பறக்கும்," என்று சொல்லிவிட்டு, வியர்வை வழிந்த முதுகோடு சுலக்ஷன் ஒருமுறை குளிரில் நடுங்கினான். "வீட்ட வந்தா சமவார்ல தண்ணி கொதிச்சிக்கிட்டிருக்கும்."

"அது என்ன?"

"தேத்தண்ணி போடுற பெரிய ஏனம்."

"கேத்தல் எண்டு சொன்னா காணாதா?"

"காணாது."

தனுஷியா பெருமூச்சு விட்டு அதையும் எழுதினாள்.

"இப்ப முக்கியமான கேள்வி. பனி எப்பிடி இரிக்கும்?"

"ரெண்டு நாளில கறுத்துச் சேறாகும். சப்பாத்துக்குள்ள தண்ணி போகும்."

"சரி, நீ வீட்ட போ!" அவன் கொப்பியைப் பறித்தான். "இந்த வாயோட போனா சேர் வாசலோட அனுப்பிடுவார். பனி விழக்க ஊரே மூச்சப் பிடிச்சிக்கிட்டுக் கேக்கும் எண்டு சொல்லு."

"என்னத்தக் கேக்கும்?"

"அமைதிய!"

இப்படியே இரண்டு மணி நேரம் போனது. நாலாம் தரம் சொல்லும்போது தனுஷியா கொப்பியைப் பார்க்கவில்லை. அவள் கண்ணும் தானாக அரைவாசி மூடிக்கொண்டது. பனி விழுந்தது, ட்ராம் மணி அடித்தது, குதிரை தலையைச் சிலுப்பியது. கேட்டுக்கொண்டிருந்த சுலக்ஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு இடம்தான் மச்சாள். அது உனக்குத்தான்."

அவனுடைய தாய் றீற்றா, எறால் உரித்த கையோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தனுஷியா அவளுடைய அண்ணன் மகள்.

"எனக்கெண்டா ஒண்டும் விளங்கல்ல புள்ள," என்றாள் றீற்றா. "நத்தாருக்கு உடுப்பெடுக்கப் பக்கத்துக் காத்தான்குடிக்குப் போனதுதான் இவன்ட பெரிய பயணம். கதப்புத்தகத்தில வாசிச்சத எல்லாம் அள்ளி விடுறான். மூணு வருசம் அங்க இருந்து படிச்சிட்டு வந்தவ நீ. நீ ஏன்கா இவன்ட்டப் பாடம் கேக்கிறாய்?"

சுலக்ஷன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் அங்க கண்டது கம்பஸும், மீன ரின்னுக்குள்ள அடைக்கிற கொம்பனியும்தான் மாமி. படிச்ச நேரம் போக மிச்சமெல்லாம் ரின்னுக்கு முன்னாலதான் நிண்டன். ஞாயிற்றுக்கிழமையும்தான்."

"அப்ப அத அப்பிடியே சேருக்குச் சொல்லன்."

"படிக்கப் போற புள்ளைகளுக்கு அந்த ஊரப் பத்தி எடுத்துச் சொல்லத்தான் மாமி அவர் கந்தோருக்கு ஆள் தேடுறார்." தனுஷியா பேனையை மூடினாள். "உள்ளதச் சொன்னா ஆரு போவாங்க?"