திருகு வைத்த அடுப்பு

சமையலறையில் இருந்தது மூன்று பேர்: அடுப்பு மாட்ட வந்த மெக்கானிக், வீட்டுக்காரர், அவர் மனைவி. மேடைமேல் பளபளவென்று புது கரண்ட் அடுப்பு.

"இது வேணாம் தம்பி. கையால திருகுற குமிழ் வச்சது இருந்தா மாட்டு," என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "அண்ணே, மொட்டை மாடியில சோலார் ஓட ஆரம்பிச்சாச்சு. நாளைக்குக் கட்டடத்துக்கே கேஸை அடைக்கிறாங்க. எல்லா வீட்டுக்கும் ஒரே அடுப்பு, இலவசம். பாகுபாடே கிடையாது."

"அதான் தப்பு."

"ஏங்க, தம்பிய எதுக்கு இழுத்தடிக்கிறீங்க?" மனைவி கண்ணாடிப் பரப்பைத் தடவினாள். "வழவழன்னு எவ்வளவு நல்லாயிருக்கு! ஒரு துடைப்பு துடைச்சா போதும்."

"அப்படிச் சொல்லுங்கக்கா! நீங்களே ஒரு தடவை ஆன் பண்ணுங்க. இந்த எழுத்து மேல விரலை வச்சா போதும்."

அவள் விரல் நகர்வதற்குள் அவர் குறுக்கே புகுந்தார். கண்ட இடத்தில் குத்தினார். அடுப்பு கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

"பாத்தியா? இது எனக்குச் சரிப்படாது."

"நீங்க எப்ப சமைச்சீங்க, உங்களுக்குச் சரிப்பட?" அவள் சிரித்தாள். "வெந்நீரையே தீய விடுற ஆளு."

மெக்கானிக்கும் சிரித்துவிட்டான். "அக்காவுக்கே சம்மதம். உங்களுக்கு என்னண்ணே வந்துச்சு?"

"எடுத்துட்டுப் போன்னா போயேன்."

கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான். அடுப்புப் பெட்டியும் கையுமாக அவனை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"திருகு வச்சது குடோன்ல இருக்கு. சும்மா கேட்டா தரமாட்டாங்க," என்றான் மெக்கானிக் கடுப்போடு. "அண்ணன் வீம்பு பிடிக்கிறாருன்னா போய்ச் சொல்றது? நாளைக்கு அக்கா எதுல சமைப்பாங்க?"

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது தம்பி. கேஸ் அடுப்பைக் கையால தடவியே சமாளிக்கிறா. இதுல எழுத்து எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. என்கிட்ட மறைச்சு வச்சிருக்கா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

மெக்கானிக் பெட்டியைத் தோளுக்கு மாற்றினான். "சாயங்காலம் கொண்டாறேண்ணே."

"அங்க இன்னும் சண்டை முடியலையா?" உள்ளேயிருந்து அவள் குரல்.

"முடியாது! எனக்குத் திருகுதான் வேணும்!" என்று கத்தியபடியே, அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.