வளைவில் நிற்கிறவள்

வளைவு நெருங்கியதும் லாரியின் வேகம் குறையும் என்று மலையாண்டி எதிர்பார்த்தார்.

கூடியது.

டிரைவர் பேயாண்டி மிதித்த மிதியில் பலகைக் கதவு தடதடத்தது. நடுவில் உட்கார்ந்திருந்த சேக் இஸ்மாயில், "யா அல்லா" என்று மலையாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு பக்கம் கண்மாய்க்கரை, மறுபக்கம் கருவேலங்காடு. நடுவே ரோடு அரிவாளாக வளைகிற அந்த இடத்தில்தான், போன ஆடியில், அப்பனுக்குக் கஞ்சி கொண்டுவந்த முனியாயி லாரியில் அடிபட்டுச் செத்தாள். பத்து வயது. மலையாண்டிக்கு ஒரே பிள்ளை.

அதே இடத்தில், தை மாதம், உசிலம்பட்டிச் சந்தைக்குக் கைலி மூட்டையோடு சைக்கிளில் போன ஜமீல் செத்தான். இஸ்மாயிலின் மூத்த மகன். கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

கரிசல் காட்டு விவசாயிக்கும் டவுன் ஜவுளி வியாபாரிக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. அந்த வளைவுதான் இருவரையும் சேர்த்துவைத்தது. அன்றிலிருந்து சேர்ந்தே தல்லாகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்து வந்தார்கள்.

கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வளைவில் லாரிகள் மெதுவாகப் போக வேண்டும் என்று ஓர் உத்தரவு. அதைச் சொல்ல ஒரு பலகை. மூன்றாவதாக ஒரு பிள்ளை அங்கே சாகக் கூடாது.

அது அபாயமான இடம்தான் என்று கிராம முன்சீப்பிடம் எழுதி வாங்கி வரும்படி இன்று ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு சாவு அத்தாட்சிக்குப் போதவில்லை.

ஆரப்பாளையம் வந்து சேர்ந்தபோது பஸ் போய்விட்டது. பருத்திப் பொதியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த பேயாண்டிதான் தானாகக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டான். எதற்காகப் போகிறோம் என்று இருவருமே அவனிடம் சொல்லவில்லை. லாரியின் பேரில் புகார் எழுதப் போகிறவர்களை எந்த லாரிக்காரன் ஏற்றுவான்?

நல்ல பையன். வழியில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தான். எதிரே வந்த ஆட்டு மந்தைக்கு வண்டியை ஓரங்கட்டி, கடைசிக் குட்டி தாண்டும் வரை காத்திருந்தான்.

இப்போது வளைவைத் தாண்டியதும் மூச்சு விட்டான். காலை எடுத்தான். வண்டி பழையபடி நிதானமாகப் போயிற்று.

"அந்த எடத்துல மட்டும் ஏன்ப்பா இந்த ஓட்டம்?" என்று இஸ்மாயில் கேட்டார்.

"அங்கன ஒரு பொம்பளப் பிள்ளை நிக்கிது பாய். கையில கஞ்சிக் கலயத்தோட. வண்டி லேசா மட்டுப்பட்டாப் போதும், ஏறி உக்காந்துக்கிரும். அதான் அங்க எவனும் காலை எடுக்குறதில்ல."

"பேரு பேயாண்டி. பேய்க்கு இம்புட்டுப் பயமா?"

"பேரு வச்ச எங்கப்பனே இந்தப் பக்கம் வர மாட்டாரு பாய்."

அவன் தன் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்த சம்சாரி ஒருவர் ஆரப்பாளையம் காப்பிக்கடையில் வைத்து டிரைவர்களிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் ஓடுகிற அத்தனை பேருக்கும் இது தெரியுமாம்.

மெதுவாகப் போ என்று அங்கே சர்க்கார் ஒரு பலகை வைத்தால் என்ன செய்வாய் என்று இஸ்மாயில் கேட்டார். பலகை வைக்கிற துரை முதலில் அந்த இடத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டட்டும் என்றான் பேயாண்டி.

மலையாண்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் விலக்கில் இருவரையும் இறக்கிவிட்டு லாரி போயிற்று. புழுதி அடங்கிய பிறகும் இஸ்மாயில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

காலியான ரோட்டில் எதற்கு அந்த வேகம் என்று ஜமீல் செத்த கேசில் வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். ஜமீலை அடித்த டிரைவர் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. பேய்க்குப் பயந்து ஓட்டினேன் என்று ஜட்ஜிடம் எவன் சொல்வான்?

இஸ்மாயில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் பேசியபோது தெரிந்தது.

"எம் பிள்ளையக் கொன்னது லாரி இல்ல மலையாண்டி. அந்தக் கதையக் கட்டிவிட்டவன் வாயி. உங்க பச்சப் பிள்ளையவும் பேயாக்கிட்டானே, அவன் விளங்குவானா?"

மலையாண்டி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து, துக்கம் தாங்காமல்தான் என்று எண்ணி, இஸ்மாயில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். முன்சீப்பிடம் இதையும் சேர்த்து எழுதச் சொல்வோம், அந்த ஆளைப் போலீஸ் தேடிப் பிடிக்கட்டும் என்றார்.

"சேத்துருவோம் பாய்" என்றார் மலையாண்டி.

அவர் பிறந்ததிலிருந்து மாட்டு வண்டி ஓட்டுகிறவர். பேய் அண்டிய இடத்தில் மாடு மிரளும். விரட்டினால் வண்டி குடை சாயும். அதனால் அந்த மாதிரி இடம் வந்தால் வண்டிக்காரன் இறங்கி, கயிற்றைக் கையில் பிடித்து, மாட்டோடு பேசிக்கொண்டு மெல்ல நடத்தித்தான் கொண்டுபோவான். மலையாண்டிக்குத் தெரிந்து எந்த வண்டிக்காரனும் அங்கே அவசரப்பட்டதில்லை.

லாரிக்காரர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பித்தான், தனியாளாகக் கொடுத்த முதல் மனுவுக்குப் பதில் வராமல் போன கார்த்திகை மாதம், ஆரப்பாளையம் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்து, தன் மகள் என்று சொல்லாமல், வளைவில் ஒரு பிள்ளை நிற்கிறது என்று அவர் சொன்னார்.