மழையிலும் நிற்கிற வண்டி

"மழையில பிரேக் பிடிச்சா சறுக்குமா?" கணவர் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"சறுக்காது சார். இதுல ஏபிஎஸ் இருக்கு. வெயில், மழை, சேறு எல்லாத்துக்கும் தாங்கும்" என்றார் ஷோரூம்காரர்.

பக்கத்தில் நின்ற மனைவி அவர் காலையே பார்த்தாள். போன மழையில் பைக் சறுக்கி விழுந்து, காலில் கம்பி வைத்து, மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் அவர். இன்னமும் விந்தி விந்தித்தான் நடக்கிறார். அதற்குள் இன்னொரு வண்டியா?

"வேண்டாங்க. பஸ் போற வரைக்கும் போனாப் போதும்" என்றாள்.

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஷோரூம்காரர் சாவியை நீட்டினார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்."

கணவர் அதை வாங்கி மனைவியின் கையில் வைத்தார். "ஓட்டப்போறது இவங்கதான். மலைக்கிராமத்து நர்ஸ்."

அவளுக்கு அழுகை முட்டியது. "அன்னிக்கும் நான்தானே ஓட்டினேன்? உங்களைக் கீழே போட்டது நான்தானே?"

"அந்தச் சேத்துல யார் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்போம். நீ மலையேறாம இருந்த இந்த அஞ்சு மாசத்துல, மேல ரெண்டு பிரசவம் யார் துணையும் இல்லாம நடந்திருக்கு. அடுத்ததும் அப்படியே நடக்கணுமா?"

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்தபோது வண்டி லேசாக அமுங்கியது. அவர் பின்னால் ஏறி, அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா போம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."